வீட்டில் ஆள் இருந்தால் பின்தங்கும் கடிகாரம்

5

“நீலச் சட்டை உனக்கு எடுப்பா இருக்கு. நாளைக்குக் கோர்ட்டுக்கும் அதையே போட்டுட்டு வா. கூட்டத்துல உன்னைக் கண்டுபிடிக்கச் சுலபமா இருக்கும்.”

தகரத்தைத் தரையில் இழுத்தது போன்ற குரல். ஆணா பெண்ணா என்று பிடிபடாதபடி ஏதோ இயந்திரத்துக்குள் புகுந்து வந்த குரல். பதிவு அதோடு முடிந்தது.

பாப்பா கைபேசியைச் சமையல் மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். அவள் நீலச் சட்டைதான் போட்டிருந்தாள்.

“இது எப்போ வந்தது?” என்று கேட்டாள் டெஸ்டர்.

“நீங்க பின்கதவைத் தட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. ஹால்ல உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. திரை ஓரத்துல பிளாஸ்திரி கூட ஒட்டியிருக்கேன். அப்புறம் எப்படி மேடம் தெரியும்?”

அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலையிடத்திலும் பாப்பா என்றே ஆகிப்போனவள் அவள். கார் நிறுத்துமிடத்தின் வாசலில் சீட்டுக் கொடுக்கும் வேலை. ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டை நீட்ட வேண்டும் என்பது அங்கே விதி. ஒருநாள் அந்த வாசலிலிருந்து சீறி வெளியேறிய கார் தெருமுனையில் ஒருவரை அடித்துக் கொன்றது. ஓட்டியவன் டிரைவர் என்றது கார் முதலாளியின் வீடு. ஓட்டியது முதலாளியின் மகன் என்பதைப் பாப்பாவின் கண்கள் பார்த்திருந்தன. பார்த்தது அவை மட்டுமே. வாசலில் இருந்த கேமரா அன்றைக்குப் பார்த்துப் பழுதாகியிருந்தது.

நாளைக் காலை அவள் சாட்சி சொல்ல வேண்டும். சில வாரங்களாகவே அந்தக் குரல் அடிக்கடி வந்து, வீட்டுக்குள் அவள் செய்ததையெல்லாம் சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தது. ‘வரமாட்டேன்’ என்று இன்று மதியம் அவள் டெஸ்டரிடம் போனில் அழுதிருந்தாள். அதனால்தான் இந்த வருகை. முன்வாசல் வேண்டாம், பின்கதவு வழியாகச் சமையலறைக்கு வருகிறோம் என்பது டெஸ்டரின் ஏற்பாடு.

டெஸ்டர் ஒரு காலத்தில் பேட்டரி தயாரிக்கும் ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்தவள், இப்போது துப்பறிபவள். கொண்டையில் ஊசிக்குப் பதிலாகக் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்றைச் செருகியிருப்பாள்; அதுவே பெயராகிவிட்டது. கூட வந்தவன் அவளுடைய கணவனின் தம்பி. வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயர்.

“அண்ணி, இந்தச் சமையலறையைப் பத்தி அந்தக் குரல் ஒண்ணுமே பேசலையே. அவனுக்குப் பசிக்காதா?” என்றான் ரேடியோ.

டெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். “நீ உளர்றதுல எப்பவாவது ஒண்ணு உருப்படியா இருக்கு தம்பி.” பிறகு பாப்பாவிடம், “இதுவரைக்கும் அவன் சொன்னதெல்லாம் யோசிங்க. எந்த ரூம்ல நடந்தது?”

பாப்பா யோசித்தாள். தட்டில் கை வைக்காமல் எழுந்தது. செய்தி பார்த்துக்கொண்டே அழுதது. நாற்காலியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தது.

“ஹால்,” என்றாள். “எல்லாமே ஹால்.” “ஆனா அங்க ஒண்ணும் இல்ல மேடம். அண்ணனோட படிச்சவர் ஒருத்தர் கேமரா கடை வெச்சிருக்கார். அவரே ஒரு கருவி எடுத்துட்டு வந்து மூலை முடுக்கெல்லாம் காட்டிப் பார்த்தார். பீப்னு ஒரு சத்தம் கூட வரல.”

“எங்கெங்க பார்த்தார்?”

“விளக்கு, பிளக், சாமான் அலமாரி. கடிகாரத்தைக்கூடக் கழட்டித் தட்டிப் பார்த்துட்டு மாட்டினார்.”

“நல்ல மனுஷன்,” என்றான் ரேடியோ. அவன் அதற்குள் மேடையிலிருந்த ஒரு தகர டப்பாவைத் திறந்திருந்தான். “பிஸ்கட்னு நினைச்சேன். இது கடிச்சா பல்லு போயிடும்.”

டப்பா நிறைய உபயோகித்த பேட்டரிகள். விரல் நீளத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக.

டெஸ்டர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தாள். “இவ்வளவா? எதுக்கு?”

“குப்பையில போடக்கூடாதுன்னு எடுத்து வெச்சேன்.”

“அதைக் கேக்கல. எதுல போட்டீங்க இதையெல்லாம்?”

“ஹால் கடிகாரத்துல,” என்றாள் பாப்பா. “அது கொஞ்சம் பேட்டரி தின்னும். அண்ணன் பாக்கெட் பாக்கெட்டா வாங்கிட்டு வருவார்.”



“ஒரு சுவர்க் கடிகாரம் ஒரு பேட்டரியை வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டும்,” என்று டெஸ்டர் மெதுவாகச் சொன்னாள். “இது கல்யாண வீடு மாதிரி சாப்பிட்டிருக்கு. உள்ள யாரோ விருந்தாளி இருக்காங்க.”

பிறகு பாப்பாவிடம் திரும்பினாள்.

“கடிகாரம் சரியா ஓடுதா?”

“இல்ல. பின்னாடி போயிடும். அடிக்கடி திருப்பி வைக்கணும்.”

“எப்பவுமேவா?”

பாப்பா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். ஏதோ நினைவு வந்தது அவள் கண்களில் தெரிந்தது. “சித்திக்கு ஆபரேஷன்னு, கடிகாரத்தைச் சரியாத் திருப்பி வெச்சுட்டு, அண்ணனும் நானும் அங்க போய்த் தங்கியிருந்தோம். திரும்பி வந்தப்போ கடிகாரம் போன் காட்டின நேரத்தையே காட்டிச்சு. பரவாயில்லையே, தானாச் சரியாயிடுச்சேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே மறுபடி பின்தங்க ஆரம்பிச்சிடுச்சு.”

“ஆள் இல்லாதப்போ ஒழுங்கா ஓடுது. ஆள் வந்தா வேலை செய்யமாட்டேங்குது,” என்றான் ரேடியோ. “கவர்மெண்டுல சேர்த்திருக்கலாம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

“பாப்பா, இப்போ நீங்க மட்டும் ஹாலுக்குப் போகணும்,” என்றாள் டெஸ்டர். “சும்மா தண்ணி பாட்டிலை எடுக்கிற மாதிரி. கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. நாங்க கதவிடுக்குல இருக்கோம்.”

“நான் மாட்டேன்.”

“நாங்க அந்தப் பக்கம் கால் வெச்சா அவன் எங்களைப் பார்ப்பான். உங்களைத்தான் தினமும் பார்க்கறானே.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு கொடுமையானது என்று டெஸ்டருக்கு உறைத்தது. ஆனால் பாப்பா போனாள். கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

கதவிடுக்கில் இரண்டு கண்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. எதிர்ச்சுவரில் வெள்ளைக் கடிகாரம். கறுப்பு எண்கள், சிவப்பு நொடிமுள். முள் டிக் டிக்கென்று நகர்ந்துகொண்டிருந்தது. பாப்பா ஹாலின் நடுவுக்கு வந்தாள்.

முள் நின்றது.

இருந்த இடத்திலேயே ஒருமுறை துடித்தது. விக்கல் எடுத்ததைப் போல. அப்படியே நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் நகர ஆரம்பித்தது.

பாப்பா பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்பினாள். முள் மறுபடியும் விக்கியது.

“அண்ணி,” என்றான் ரேடியோ. அவன் குரலில் விளையாட்டு இல்லை. “அது அவங்களைப் பார்த்து மூச்சை இழுக்குது.”

பாப்பா சமையலறைக்குள் வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டெஸ்டர் அவள் எதிரே உட்கார்ந்து, ஒரு பழைய பேட்டரியை எடுத்துக் காட்டினாள்.

“உள்ள ஒரு குட்டிக் கேமரா இருக்கு. அதை ஓட்ட ஒரு சிப். ரெண்டும் தூங்கிட்டே இருக்கும். யாராவது அசைஞ்சா சென்சார் எழுப்பும். படம் எடுக்கும், உங்க வீட்டு வைஃபை வழியா அனுப்பும், திரும்பத் தூங்கிடும். தூங்கும்போது பேட்டரிக்குப் பாரமே இல்ல. எழுந்துக்கும்போதுதான் மடமடன்னு குடிக்கும். அந்த நேரத்துல கடிகாரத்துக்குக் குடிக்க ஒண்ணும் மிஞ்சாது. அதான் முள் விக்குது.”

“தனியா ஒரு பேட்டரி வெச்சிருந்தா தெரிஞ்சே இருக்காதே அண்ணி?”

“வெச்சிருந்தா, அதை மாத்த அவனே வரணும். இதை நாமளே மாத்திக் கொடுப்போம் இல்லையா? புத்திசாலித்தனம்தான். ஆனா சுவர்ல இருந்து கரண்ட் எடுத்தே பழகின கை. பேட்டரிக்கு இவ்வளவு பசிக்கும்னு கணக்குப் போடல.”

பாப்பா கேட்டுக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை. “நான்தான் மாத்தினேன்,” என்றாள். “நாற்காலி போட்டு ஏறி, நானே மாத்தினேன். நானே அதுக்குச் சோறு போட்டிருக்கேன்.”

“கடிகாரம் யார் வாங்கினது?” என்றான் ரேடியோ.

பாப்பா தலையை ஹால் பக்கம் திருப்பினாள்.

“பேட்டரி வாங்கிட்டு வர்றது அண்ணன். வைஃபை பாஸ்வேர்டு தெரிஞ்சவர் அண்ணன். கடிகாரமும்...”

“அண்ணனைச் சொல்லாதீங்க.” பாப்பா எழுந்து நின்றாள். “அப்பா அம்மா போனப்புறம் எனக்குத் தலை பின்னிவிட்டு ஸ்கூலுக்கு அனுப்பினவர் அவர். லிஃப்ட் ரிப்பேர் பண்ணி விரல் நசுங்கி வந்த அன்னிக்குக்கூட எனக்குச் சாப்பாடு கொடுத்துட்டுத்தான் டாக்டர்கிட்ட போனார்.”

“சொல்லல,” என்றாள் டெஸ்டர். “கடிகாரத்தையே கேட்டுடலாம்.”

கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவி மேடைமேல் வைத்தாள். கைப்பையிலிருந்து சின்ன மீட்டரை எடுத்து, டப்பாவிலிருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். சிலதை ஒதுக்கினாள். கடைசியில் ஒன்றைத் துணியால் துடைத்துப் பாப்பாவின் கையில் வைத்தாள்.

“இது அரைகுறை உயிர். கடிகாரத்துக்கு இது போதும், டிக் டிக்னு ஓடும். கேமரா எழுந்துக்கப் பார்த்தா மயக்கம் போட்டு விழுந்துடும். வெளியில இருந்து பார்க்கறவனுக்குப் படம் வராது. வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குக் கடிகாரம் ஓடும். புரியுதா?”

ரேடியோதான் முதலில் புரிந்துகொண்டான். “அப்போ, ஓடுற கடிகாரத்துக்குப் பேட்டரி மாத்தணும்னு யார் சொல்றாங்களோ...”

“அவங்களுக்குத்தான் படம் வரல.”

பாப்பா போய் நாற்காலியில் ஏறினாள். எத்தனையோ தடவை செய்த வேலை. இந்தத் தடவை கடிகாரத்தின் முகம் தன் முகத்துக்கு நேரே வந்தபோது, பன்னிரண்டாம் எண்ணின் கறுப்புக்குள் மிளகை விடச் சிறியதாக ஒன்று மின்னுவதைப் பார்த்தாள். பார்க்காததைப் போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பேட்டரியை மாற்றி, சுவரில் மாட்டி, இறங்கினாள்.

முள் ஓடியது. ஒருமுறை தயங்கியது. பிறகு ஓடிக்கொண்டே இருந்தது.

படுக்கையறைக்குப் போய் நீலச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளைச் சட்டையில் வந்தாள். “அதை உடம்புல வெச்சிருக்க முடியல,” என்றாள்.

காத்திருந்தார்கள். தெருவில் ஒரு வண்டி நின்றது. பாப்பாவின் விரல்கள் மேடையின் விளிம்பைத் தேடின. வண்டி போய்விட்டது. மாடிப்படியில் யாரோ ஏறினார்கள். காலடி இவர்கள் கதவைத் தாண்டி மேலே போனது. டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த ரேடியோவின் கையை டெஸ்டர் தட்டி நிறுத்தினாள்.

பிறகு கதவு தட்டப்பட்டது. விட்டு விட்டுத் தட்டும் பழகிய தட்டல்.

“அண்ணன்,” என்று பாப்பாவின் உதடுகள் அசைந்தன. “இந்நேரத்துக்கு வரமாட்டாரே.”

“போங்க. நாங்க இங்கதான் இருக்கோம்.”

தாழ்ப்பாள் விலகும் சத்தம். கிரீஸ் படிந்த சீருடையில் ஒரு நெட்டையான மனிதர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். தங்கையை மேலும் கீழும் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கே?”

“இருக்கேண்ணா. ஏன் சீக்கிரம் வந்துட்டே?”

“சும்மாதான். வேலை முடிஞ்சுது.” சட்டைப் பையிலிருந்து ஒரு புதுப் பாக்கெட்டை எடுத்தார். “கடிகாரம் நின்னுடுச்சு பாரு. பேட்டரி மாத்திடறேன்.”

டிக். டிக். டிக்.

அவர் கடிகாரத்தை இன்னும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாப்பா பார்த்தாள். அவர் அவள் கண்களைத் தொடர்ந்து பார்த்தார். முள் ஓடிக்கொண்டிருந்தது.

“ஓடுதேண்ணா,” என்றாள் பாப்பா. “நின்னுடுச்சுன்னு உனக்கு யார் சொன்னா?”

சமையலறைக் கதவு திறந்தது. டெஸ்டரையும் ரேடியோவையும் பார்த்ததும் அண்ணன் ஒரு அடி முன்வந்து தங்கையைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். கையிலிருந்த பாக்கெட் விழுந்து பேட்டரிகள் உருண்டன.

“அவங்க எனக்கு வேண்டியவங்க,” என்று பாப்பா அவர் பிடியிலிருந்து கையை உருவினாள். “நீ சொல்லு. நான் சாப்பிடாம எழுந்ததை நீ பார்த்தியா?”

அவர் உருண்ட பேட்டரிகளைப் பார்த்தார்.

“பார்த்தியா இல்லையா?”

“பார்த்தேன்.” நாற்காலியில் உட்கார்ந்தார். “ஜன்னல்ல முதல்ல கல்லு விழுந்ததே, அதுக்கப்புறம்தான் மாட்டினேன். நான் லிஃப்ட் குழிக்குள்ள தலைகீழா நின்னுட்டிருப்பேன். இங்க எவனாவது கதவை உடைச்சா எனக்கு எப்படித் தெரியும்? அப்பப்போ போனை எடுத்து, நீ உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தாத்தான் எனக்குக் கை வேலை செய்யும். உன்கிட்ட சொன்னா ஒத்துக்கமாட்டே.”

“அப்போ அந்தக் குரல்?”

“சத்தியமா நான் இல்ல பாப்பா. வெளியில இருந்து எவனோ எட்டிப் பார்க்கறான்னு நினைச்சேன். அதுக்காகத்தான் என்கூடப் படிச்சவரையே கூட்டிட்டு வந்து வீடு முழுக்கத் தேடச் சொன்னேன்.”

ரேடியோ நம்பவில்லை என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது. டெஸ்டர் மட்டும் அண்ணனின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிரீஸ் இன்னும் ஈரமாக இருந்தது.

“வேலை முடிஞ்சா கை கழுவுவீங்க இல்லையா?” என்றாள். “பாதியில ஓடி வந்திருக்கீங்க. கை வேலையா இருந்தீங்க, அந்த நேரம் போனைப் பார்த்திருக்கமாட்டீங்க. படம் வரலன்னு எப்படித் தெரிஞ்சது?”

“அவர் போன் பண்ணார். பேட்டரி தீர்ந்துடுச்சு போல, படம் வரல, உடனே போய் மாத்துன்னு...”

“யாரு?”

“கடிகாரத்தைச் செஞ்சு கொடுத்தவர். கேமரா கடைக்காரர்.”

டெஸ்டர் குனிந்து தரையில் உருண்ட ஒரு பேட்டரியை எடுத்தாள். “படம் உங்க போனுக்கு மட்டும்தான் வரும்னு சொல்லிக் கொடுத்தாரா?”

“ஆமா.”

“அப்போ வரலன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சது?”

அண்ணன் புறங்கையால் முகத்தைத் துடைத்தார். நெற்றி வியர்வை கிரீஸோடு சேர்ந்து கன்னத்தில் இறங்கியது.

“கார் நிறுத்துமிடத்து வாசல் கேமராவை யார் பார்த்துக்கறது?” என்றாள் டெஸ்டர்.

பாப்பாதான் பதில் சொன்னாள். “அவர்தான். அண்ணன் சொல்லித்தான் அவருக்கு அந்த வேலையே கிடைச்சது.”

“இருக்க வேண்டிய இடத்துல கண்ணைப் பிடுங்கிட்டு, இருக்கக் கூடாத இடத்துல கண்ணை வெச்சிருக்கான்,” என்றான் ரேடியோ.

அப்போது சமையல் மேடையில் பாப்பாவின் போன் அதிர்ந்தது.

போன் மேடைமேல் அதிர்ந்து அதிர்ந்து தகர டப்பாவில் முட்டியது. டெஸ்டர் அண்ணனின் போனை அவர் பையிலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். “கடைக்காரர் நம்பரைப் போடுங்க. நான் கை காட்டும்போது.” பிறகு பாப்பாவைப் பார்த்தாள். “எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அவனுக்கு இப்போ கண்ணு இல்ல. அதை மட்டும் நினைவு வெச்சுக்குங்க.”

பாப்பா எடுத்தாள்; மிரட்டல் தொடங்கியதிலிருந்து அவள் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும்.

தகரக் குரல் சமையலறையை நிரப்பியது. “நான் சொன்னது புரிஞ்சுதா? நீ வீட்டை விட்டு இறங்கினா, உன் அண்ணன் வேலை செய்யற குழிக்குள்ள லிஃப்ட் இறங்கும். எங்கேயும் ஓட முடியாது. இப்போகூட அதே நீலச் சட்டையில நடுங்கிட்டு உட்கார்ந்திருக்கே. எனக்குத் தெரியுது.”

பாப்பா குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டை. உட்காரவும் இல்லை, நின்றுகொண்டிருந்தாள்.

டெஸ்டர் கை காட்டினாள். அண்ணனின் விரல் திரையைத் தொட்டது.

தகரக் குரலுக்குப் பின்னால், அந்தப் பக்கத்தில், ஒரு போன் மணி அடிக்க ஆரம்பித்தது.

அண்ணன் துண்டித்தார். மணி நின்றது. மறுபடியும் அழைத்தார். மணி மறுபடியும் அடித்தது. குரலை மாற்றத் தெரிந்தவனுக்குப் பக்கத்தில் கிடக்கும் இன்னொரு போனை அணைத்து வைக்கத் தோன்றவில்லை. பதிவின் சிவப்புப் புள்ளி பாப்பாவின் போனில் எரிந்துகொண்டிருந்தது.

“போனை எடுங்க,” என்றாள் பாப்பா. மெல்லிய குரல்தான், ஆனால் நடுங்கவில்லை. “அண்ணன் கூப்பிடறார்.”

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

“ஆதாரம் கையில,” என்றான் ரேடியோ. “அண்ணி, இன்ஸ்பெக்டருக்கு நான் சொல்றேன். கடைக்காரன் ஷட்டரை இறக்கறதுக்குள்ள ஆள் போகணும்.” பேசிக்கொண்டே பின்கதவு வழியாக ஓடினான்.

அண்ணன் கைகளை மடிமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான்தான் அவனை வீட்டுக்குள்ள விட்டேன்,” என்றார். “நாளைக்குப் போகாதே பாப்பா. இவன் ஒருத்தன் மாட்டினா என்ன, அந்த முதலாளி வீட்டுக்காரங்க வேற ஆளை வைப்பாங்க. குழியில நான் போனாக்கூடப் பரவாயில்ல. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா...”

அவர் சொன்னது பொய்யில்லை. டெஸ்டரும் மறுக்கவில்லை.

பாப்பா படுக்கையறைக்குள் போனாள். திரும்பி வரும்போது எறிந்திருந்த நீலச் சட்டை கையில் இருந்தது. மேசைமேல் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் செருகி, காலரைத் தட்டி நேராக்கினாள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றாள். “நாளைக்கு லீவு போட்டுடு. என் கூடவே உட்காரு. பார்க்கறதுன்னா பக்கத்துல இருந்து பாரு.”

அண்ணன் எழுந்து கை கழுவப் போனார்.

சுவரில் முள் அந்த அரைகுறை உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. பாப்பா சட்டையைத் திருப்பிப் போட்டாள். ஹாலில் நடந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். கடிகாரம் ஒருமுறைகூட விக்கவில்லை.